மூணு ஊசி போட்டாச்சு, மாடு நிக்கலீங்க!

மாட்டுக் கொட்டகை: வாசகர் கேள்வி–பதில்

"எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடுங்க, ரெண்டாம் ஈத்து. கன்னு போட்டு ஏழு மாசமாச்சு. சினைக்கு மூணு தடவ விந்து ஊசி போட்டோம். சொல்லி வெச்ச மாதிரி 21-ம் நாள் திரும்பக் கத்துது. மலடாயிருமோன்னு பயமா இருக்குதுங்க. வித்துறலாமா?"
– கோபிசெட்டிபாளையம்

விற்காதீர்கள். 21 நாளுக்கு ஒருமுறை தவறாமல் பருவத்துக்கு வரும் மாடு மலடு அல்ல. சினைப்பை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 30, 35 நாள் கழித்துத் திரும்பியிருந்தால், கரு தரித்து இடையில் அழிந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். உங்கள் மாடு 21-ம் நாளே திரும்புகிறது. அப்படியானால் கரு கூடவே இல்லை, அல்லது கூடிய சில நாளிலேயே போய்விட்டது. இதற்கான காரணத்தை முதலில் கடிகாரத்தில் தேடுங்கள்.

கலப்பின மாட்டின் பருவம் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். முட்டை வெளியாவது பருவத்தின்போது அல்ல, பருவம் அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான். மாலை 5 மணிக்கு மாடு கத்தத் தொடங்கினால் மறுநாள் காலையில் அடங்கும், முட்டை மறுநாள் பிற்பகலிலோ இரவிலோதான் வரும். கத்தியதும் பதறிப்போய் அன்று மாலை 6 மணிக்கே ஊசி போட்டுவிட்டால், முட்டை வரும் நேரத்தில் விந்தணுக்களில் பெரும்பகுதி செத்திருக்கும். காலையில் கண்டால் மாலையில் போடு, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் போடு என்ற பழைய விதி இதனால் வந்ததுதான்.

இந்த விதியிலும் ஒரு ஓட்டை உண்டு. கலப்பின மாடுகள் பலவும் ராத்திரியில்தான் பருவத்தைக் காட்டும், அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் சத்தமே இருக்காது. காலை 6 மணிக்குப் பால் கறக்கப் போகும்போது கத்தினால், அது அப்போதுதான் தொடங்கியது என்று எப்படித் தெரியும்? ராத்திரி 10 மணிக்கே தொடங்கியிருக்கலாம். அதனால் படுக்கப்போகும் முன் 9, 10 மணிக்கு ஒருமுறை கொட்டகைக்குப் போய் கால்மணி நேரம் நின்று பாருங்கள். அப்போது அறிகுறி இல்லாமல் காலையில் இருந்தால் அன்று நண்பகலுக்குள் ஊசி போடலாம். காலை 6 மணிக்கும் இல்லாமல் 8, 9 மணிக்குத்தான் தொடங்கியது என்றால் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்துவதை மட்டும் நம்பாதீர்கள். கத்தாத மாடு உண்டு, பசிக்கும் தண்ணிக்கும் கத்தும் மாடும் உண்டு. அவிழ்த்துவிட்டால் இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்கிறதா என்பதே உறுதியான அடையாளம். நாள் முழுக்கத் தறியில் கட்டியே வைத்திருப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

அடுத்தது வழும்பு, அதாவது பருவத்தில் மாட்டின் அறையிலிருந்து (பிறப்புறுப்பிலிருந்து) ஒழுகும் கோழை. தொடக்கத்தில் தண்ணீர் போல ஒழுகும். நடுப்பருவத்தில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, அறையிலிருந்து அறுபடாமல் தரைவரை கயிறாகத் தொங்கும். முடியும் தறுவாயில் கெட்டிப்பட்டு லேசாக வெளுக்கும். அடுத்த முறை கத்தும்போது சுத்தமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. தயிர்த் திப்பி போலவோ நூல்நூலாகவோ வெள்ளை மிதந்தால் கருப்பையில் புண் இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஊசி போடுவது காசுக்குக் கேடு. கால்நடை மருத்துவரிடம் காட்டி, கருப்பைக்குள் மருந்து விட்டு, ஒரு பருவத்தைத் தள்ளி அடுத்ததில் போடுங்கள். போன ஈத்தில் நஞ்சு (நஞ்சுக்கொடி) தாமதமாக விழுந்த மாடு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நேரமும் சரி, வழும்பும் சரி என்றால் ஊசி போடுபவர் கையைக் கவனியுங்கள். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. எடுத்ததும் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைக்க வேண்டும். விரலை விட்டால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது, அதுதான் பதம். சட்டைப் பையில் போட்டு உருக்குவது, உள்ளங்கையில் உருட்டுவது, பச்சைத் தண்ணியில் முக்குவது எல்லாம் அணுக்களைக் கொல்லும். வெளியே எடுத்த குச்சியில் சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு நுனியை வெட்ட வேண்டும், தண்ணீர் பட்டாலும் விந்தணு செத்துப்போகும். உருக்கியது முதல் கால்மணி நேரத்துக்குள் விந்து மாட்டுக்குள் போயிருக்க வேண்டும். கருப்பைக் கழுத்தைத் தாண்டியவுடன், கருப்பை உடலில் மெதுவாக விட வேண்டும். அவர் வரும் முன்னே சொம்பில் வெந்நீரும் பச்சைத் தண்ணியும் சோப்பும் எடுத்து வைத்துவிட்டால், 'வெந்நீர் இல்லீங்க, அதான்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் நிற்காத மாடுகளில் ஒரு பகுதிக்கு முட்டை தாமதமாக வெளியாகும். பருவம் ஒன்றரை, இரண்டு நாள் நீளும் மாடு என்றால் முதல் ஊசிக்கு 24 மணி நேரம் கழித்து அதே பருவத்தில் இரண்டாவதும் போடுங்கள். முட்டை வெளியாக ஹார்மோன் ஊசியும் உண்டு, அதை மருத்துவர் சோதித்து முடிவு செய்யட்டும். தீவனத்தில் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை சேருங்கள். பச்சைத் தீவனம் இல்லாமல் வெறும் வைக்கோலும் சோளத்தட்டும் தின்னும் மாட்டுக்கு வைட்டமின் ஏ போதாமல் சினை நிற்காது. ஊசி போட்ட முதல் வாரம் வெயிலில் கட்டாதீர்கள், உடல் சூடேறினால் இளம் கரு அழிந்துவிடும். படுக்க விடாமல் நிறுத்தி வைப்பதும் தலையில் குடம் குடமாகத் தண்ணி ஊற்றுவதும் எதற்கும் உதவாது.

முள்ளங்கி, சோற்றுக் கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று நாள் கணக்கில் வரிசையாகக் கொடுக்கும் முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் வழும்பில் சீழ் இருக்கும் மாட்டுக்கு அதை மட்டும் நம்பி மூன்று பருவத்தைக் கழிக்காதீர்கள்.

"கெடாரி கத்தி அடங்கி ரெண்டு நாள் கழிச்சு அறையில ரத்தம் வருதுங்க. ஊசி போட்டது கலைஞ்சிருச்சா?"
– பல்லடம்

இல்லை. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கொஞ்சம் ரத்தம் கசிவது இயல்பு, இன்னும் ஈனாத கிடாரிகளில் அதிகம் தெரியும். சினை நின்றதா நிற்கவில்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பருவத்தையே பார்க்காமல் வாலில் ரத்தத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். அன்றைய தேதியைக் குறித்துவையுங்கள், அதிலிருந்து 18, 19-ம் நாள் அடுத்த பருவம்.

"ரெண்டு வயசு ஜெர்சி கலப்புக் கெடாரி இன்னும் பருவத்துக்கே வரலை. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துலதான் மேயுது. என்ன பண்ணலாம்?"
– வெள்ளக்கோவில்

கிடாரியின் பருவத்தை வயது தீர்மானிப்பதில்லை, எடைதான் தீர்மானிக்கிறது. ஜெர்சி கலப்பு 220, 225 கிலோவைத் தொட்டால்தான் ஊசி போடத் தகுதி, எச்.எஃப். கலப்புக்கு 250-க்கு மேல் வேண்டும். நன்றாக வளர்த்தால் 15 முதல் 18 மாதத்தில் இந்த எடை வந்துவிடும்.

எடை மேடை வேண்டியதில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள். பிறகு தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு முனைவரை நீளம். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. நெஞ்சு 58, நீளம் 48 என்றால் 58 × 58 × 48 ÷ 660, ஏறத்தாழ 245 கிலோ. மாடு நேராக நிற்கும்போது, காலையில் தீனி போடும் முன் அளங்கள்.

பிறக்கும்போது 25 கிலோ இருந்த கன்று 18 மாதத்தில் 240 கிலோ ஆக வேண்டுமானால் தினம் 400 கிராம் ஏற வேண்டும். கொறங்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் தழைத்திருக்கும்போது அது முடியும். மாசிக்கு மேல் காய்ந்த தாளையும் வெள்வேலங் காயையும் பொறுக்கித் தின்னும் கிடாரிக்கு முடியாது. நாட்டு இனமான காங்கேயம் தாங்கும், கலப்பினம் தாங்காது. மாலையில் கொட்டகைக்கு வந்ததும் 2 கிலோ அடர்தீவனம், கிடைத்தால் 10 கிலோ பச்சை, 30 கிராம் தாது உப்பு. சாணத்தைச் சோதித்துக் குடற்புழுவுக்கு மருந்து. இரண்டு மாதம் இப்படிக் கொடுத்தும் எடை இருந்து பருவம் வராவிட்டால், மருத்துவரிடம் உள்ளே கையை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கருப்பை வளராமல் சிறுத்திருக்கலாம். அல்லது கிடாரி சத்தமில்லாமல் பருவத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கலாம், இது நிறைய நடக்கிறது.

"இரட்டைக் கன்னு போட்டிருக்குது. ஒண்ணு காளை, ஒண்ணு கெடாரி. கெடாரி சினையாகாதுன்னு சொல்றாங்களே, மூடநம்பிக்கையா?"
– பெருந்துறை

மூடநம்பிக்கை இல்லை. காளையோடு சேர்ந்து பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான். கருவில் இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. காளைக் கருவின் ஹார்மோன் கிடாரிக் கருவுக்குள் புகுந்து அதன் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் கெடுத்துவிடுகிறது. காளைக் கன்றுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. இரண்டும் கிடாரி என்றால் கவலையே வேண்டாம்.

மீதிப் பத்தில் ஒன்றாக உங்கள் கன்று இருக்குமா என்று தெரிந்துகொள்ள இரண்டு வருடம் தீனி போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. கன்று பிறந்த முதல் மாதத்திலேயே மருத்துவர் மழுங்கிய முனையுள்ள சுத்தமான சோதனைக் குழாயை எண்ணெய் தடவி அறைக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார். நல்ல கிடாரிக்கு 12 முதல் 15 செ.மீ. வரை போகும், மலட்டுக் கிடாரிக்கு 5 முதல் 8 செ.மீ.யிலேயே முட்டிக்கொள்ளும். அறையின் கீழ்முனையில் நீளமான முடிக்கற்றை இருப்பதும் ஒரு குறிப்பு. மலடு என்று உறுதியானால் சந்தையில் விவரம் தெரியாதவர் தலையில் வளர்ப்புக் கிடாரி என்று கட்டிவிடாதீர்கள்.

"நாலு மாச சினை மாடு திடீர்னு கத்துது. ஊசி போடணுமா?"
– அவிநாசி

கூடவே கூடாது. நூற்றில் சில மாடுகள் சினையாக இருக்கும்போதே பருவ அறிகுறி காட்டும். கருப்பைக் கழுத்தை மூடியிருக்கும் கோழை அடைப்பை ஊசிக் குழாய் குத்திக் கலைத்தால் கன்று போய்விடும். முதலில் கைவிட்டுச் சினை பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாகவே ஊசி போட்டு 60 நாள் ஆனதும் சினைப் பரிசோதனை செய்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

"காங்கேயம் மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டா பால் கூடுமே, போடலாமா? இன்னொண்ணு, மயிலைப் பசு செவலைக் கன்னு போட்டிருக்குது. காளையில கலப்பு இருக்குமோ?"
– காங்கேயம்

இரண்டாவது கேள்விக்கு முதலில். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாகத்தான் இருக்கும், ஆறு மாதம் வாக்கில் வெளுத்துச் சாம்பல் நிற மயிலையாகும். இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளை வளர்ந்தபின் தலை, கழுத்து, திமில், பின்தொடைகளில் கருமை ஏறும். ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

பாலுக்காகக் காங்கேயத்தைக் கலக்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பால் வேண்டுமென்றால் தனியாக ஒரு கலப்பின மாடு வாங்குங்கள். காங்கேயத்தின் விலை அதன் காளைக் கன்றில் இருக்கிறது. கன்னபுரம் மாட்டுச் சந்தையில் நிற்கும் ஜோடிக்குக் கிடைக்கும் மதிப்பு, திமில் குறைந்த கலப்புக் காளைக்குக் கிடைக்காது. சிறிய உடல்வாகுள்ள தலையீத்துக் கிடாரிக்கு எச்.எஃப். ஊசி போட்டால் கன்று பெரிதாகி ஈனும்போது சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஊர்ப் பூச்சிக்காளைக்கு விடும்போது வேறொரு கணக்குப் பாருங்கள். அதே காளைக்குப் பிறந்த கிடாரி மூன்று வருடத்தில் அதே காளையிடம் போய் நிற்கும். தகப்பன், மகள் சேர்க்கையில் கன்றின் வீரியம் குறையும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை காளையை மாற்றுங்கள், அல்லது வேறு ஊர்க் காளைக்கு ஓட்டிப் போங்கள். ஊசி என்றால் குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் குறித்துவையுங்கள். எத்தனையோ மாட்டோடு சேரும் காளை, கருச்சிதைவு நோயையும் மாட்டுக்கு மாடு கொண்டுபோகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

"ஏழு மாச சினை. இன்னும் வேளைக்கு மூணு லிட்டர் குடுக்குது. கறக்கறதை நிறுத்த மனசு வரலைங்க."
– பொள்ளாச்சி

நிறுத்துங்கள். ஈனுவதற்கு 60 நாள் முன்பே மடிக்கு ஓய்வு வேண்டும். பால் சுரக்கும் திசுக்கள் புதுப்பிக்கப்படுவது அப்போதுதான், சீம்பால் தரமாக ஊறுவதும் அப்போதுதான். கன்றின் எடையில் பெரும்பகுதி ஏறுவதும் கடைசி மூன்று மாதத்தில். இப்போது விடும் ஆறு லிட்டர், அடுத்த ஈத்தில் திரும்பி வரும்.

ஈனும் தேதி கணக்கிட, ஊசி போட்ட தேதியோடு ஒன்பது மாதமும் பத்து நாளும் கூட்டுங்கள். பிப்ரவரி 10-ல் போட்டது நவம்பர் 20 வாக்கில். தமிழ் மாதக் கணக்கில் தை முதல் தேதி போட்டது ஐப்பசி முதல் வாரம்.

நிறுத்தும் முறை: மூன்று நாள் அடர்தீவனத்தை நிறுத்தி, பச்சையையும் குறைத்து, காய்ந்த தட்டு மட்டும் போடுங்கள். தண்ணியைக் குறைக்காதீர்கள். ஒருவேளைக் கறவையாக்கி, நான்காம் நாள் மடியை முழுக்கக் கறந்து, ஒவ்வொரு காம்பிலும் வற்றுக்கால மடிநோய்த் தடுப்பு ட்யூப் ஒன்று ஏற்றச் சொல்லுங்கள். அதன்பின் மடி மூன்று, நான்கு நாள் விம்மும். 'பாவம், கொஞ்சம் கறந்துவிடலாம்' என்று கை வைத்தால் திரும்பச் சுரக்கும். தொடாமல் விட்டால் பத்து நாளில் உடலே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காம்புப் பகுதி மட்டும் சூடாகக் கல் போல் இறுகினால்தான் மருத்துவரை அழைக்க வேண்டும்.

பிறகு 2 கிலோ அடர்தீவனம், கடைசி மூன்று வாரத்தில் மெல்ல ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். ஒரு தவறு நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது: ஈனும் முன்பே கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவது, கால்சியம் மிகுந்த குதிரைமசால் பசுந்தீவனத்தை வயிறு நிறையப் போடுவது. வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் வேலையை உடல் மறந்துவிடும். ஈன்ற அன்று சீம்பாலுக்குத் திடீரெனத் தேவைப்படும்போது எடுக்க முடியாமல் மாடு சாய்ந்துவிடும். அதுதான் பால் காய்ச்சல். மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட கறவை மிகுந்த மாடுகளுக்கு ஈன்ற மூன்று நாளுக்குள் வரும். காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருக்கும். வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவரை அழையுங்கள், 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கும் போன் அடிக்கலாம்.

"ஏழாம் மாசத்துல கன்னு செத்து விழுந்துருச்சு. நஞ்சுக்கொடி ஒரு நாளாகியும் விழல. கல்லைக் கட்டி விடலாமான்னு கேக்கறாங்க."
– அந்தியூர்

கல்லோ செங்கல்லோ செருப்போ கட்டாதீர்கள். கொடி கருப்பையோடு ஒட்டியிருக்கும் இடங்கள் பிய்ந்து ரத்தம் கொட்டும், சில சமயம் கருப்பையே வெளியே வந்துவிடும். உள்ளே கைவிட்டுப் பிய்ப்பதும் அடுத்த சினையைக் கெடுக்கும். இயல்பாக 8 முதல் 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஒரு நாள் தாண்டிவிட்டதால் இன்றே மருத்துவரை வரவழையுங்கள். அதுவரை தரையில் புரளும் பகுதியை முழங்காலுக்குக் கீழே வராதபடி கத்தரித்துவிடலாம். தீனி எடுக்காமல் காய்ச்சலும் நாற்றமும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது ஏழாம் மாதக் கலைதல். ஐந்து மாதத்துக்கு மேல் கன்று விழுந்து கொடியும் தங்கினால் புரூசெல்லா என்ற கருச்சிதைவு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது மனிதருக்கும் தொற்றும்: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி. இனிமேல் கையுறை இல்லாமல் கன்றையோ கொடியையோ ஒழுக்கையோ தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொட்டகைப் பக்கமே விடாதீர்கள். நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நல்ல ஈத்துக்கான வழக்கம். இந்த நஞ்சை அப்படிக் கட்டினால் காக்கையும் நாயும் நோயை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். செத்த கன்று, கொடி, அடியில் கிடந்த வைக்கோல் எல்லாவற்றையும் ஐந்தடிக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். மாட்டைத் தனியே கட்டி, ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அடுத்த ஊசியும் வேண்டாம், காளையும் வேண்டாம். அந்தப் பாலை நன்கு கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது.

மற்ற மாடுகளுக்கு இப்போது தடுப்பூசி போட முடியாது. அது 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரே முறை. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. உங்கள் கொட்டகையில் அந்த வயதில் கிடாரிக் கன்று இருந்தால் கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள், அரசே இலவசமாகப் போடுகிறது.